கட்டினவரே அவிழ்க்கணும்

தொலைபேசி நிலையத்தில் முப்பத்திரண்டு வருடம் இணைப்புக் கொடுத்தவள் என்பதால் தெருவில் அவளுக்கு எக்ஸ்சேஞ்ச் அம்மா என்று பெயர். ஓய்வு பெற்றுப் பத்து வருடமாகிறது. பெயருக்கு இன்னும் ஓய்வு கிடைக்கவில்லை, காதுக்கும்தான். போன் காதில் இருக்கும்போது எதிரே நிற்பவர் எதைச் சொன்னாலும் தலையை ஆட்டிவிடுவாள். ஒரு வார்த்தை மண்டையில் ஏறாது. "வீடு பத்தி எரியுதுன்னு சொன்னாலும் ம்ம், சரிங்கன்னுதான் சொல்லுவா" என்று அவள் கணவர் பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அந்தக் காது சும்மா ஒன்றும் போனில் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. ரத்தம் கொடுப்பவர்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேரின் பட்டியல் அவளிடம் இருக்கிறது. யாருக்கு என்ன வகை, கடைசியாக எந்தத் தேதியில் கொடுத்தார், எந்த நேரத்தில் கூப்பிட்டால் வருவார், யாருக்கு ஊசியைக் கண்டால் மயக்கம் வரும், எல்லாம் அதில் உண்டு. ஒரு காலத்தில் நோட்டில்தான் எழுதி வைத்திருந்தாள். யாரோ அதைப் படம் பிடித்துப் பரப்பிவிட, கண்டவர்களெல்லாம் கூப்பிட்டுத் தொல்லை கொடுத்தார்கள். பதினொரு பேர் பெயரை அடித்துவிடச் சொல்லிவிட்டார்கள். மீதிப் பேரை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டு, இனி ஒரே இடத்தில்தான் இருக்கும், பூட்டியிருக்கும் என்று வாக்குக் கொடுத்தாள். அந்த ஒரே இடம் பின் அறையில் இருக்கும் பழைய கம்ப்யூட்டர்.

அன்று காலை ஒன்பதே முக்காலுக்கு ரத்த வங்கி நர்ஸ் கூப்பிட்டாள்.

"அம்மா, பிரசவ கேஸ். ரத்தம் நிக்கலை. ஓ நெகட்டிவ் எங்ககிட்ட இருந்ததெல்லாம் ஏத்தியாச்சு. இன்னும் ரெண்டு பேராவது வேணும், பன்னெண்டு மணிக்குள்ள."

"பத்து நிமிஷம் குடும்மா" என்று சொல்லிவிட்டுப் பின் அறைக்கு ஓடி, கம்ப்யூட்டரின் பொத்தானை அழுத்தினாள். அது வாயைத் திறக்கவில்லை. மறுபடி அழுத்தினாள். விளக்கு இல்லை, விசிறிச் சத்தம் இல்லை. கிணற்றில் போட்ட கல் மாதிரி கிடந்தது. சுவர் ஸ்விட்சைப் பார்த்தாள், போட்டுத்தான் இருந்தது. யு.பி.எஸ்ஸில் பச்சை விளக்கு எரிந்தது. கணவரைக் கூப்பிட்டாள். அவர் போன் அடுக்களை மேடையில் அடித்தது. மனிதர் போனை வைத்துவிட்டு எங்கேயோ போயிருந்தார்.

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆயிரம் எண்களை மனப்பாடமாக வைத்திருந்த தலை அவளுடையது. கம்ப்யூட்டர் வந்ததும் அந்தத் தலை சோம்பேறியாகிவிட்டது. கண்ணை மூடி யோசித்ததில் இரண்டு எண்கள் அகப்பட்டன. ஒன்று தப்பான எண். இன்னொருவர் நல்ல மனிதர், உடனே எடுத்தார். ஆனால் போன மாதம்தான் கொடுத்திருக்கிறார், மூன்று மாதம் ஆகாமல் எடுக்க மாட்டார்கள். "வேணும்னா வந்து பார்க்கிறேனே அக்கா" என்று அவர் கெஞ்சியதைக் கேட்டு அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

மூன்றாம் வீட்டை அடுத்து ரிப்பேர் கடை வைத்திருக்கும் மெக்கானிக் பெண், இவள் கூப்பிட்ட குரலுக்குப் பாதி குடித்த டீயை வைத்துவிட்டுப் பையோடு வந்தாள்.

"முதல்ல உட்காருங்கம்மா. மெஷின் எங்கயும் ஓடிப் போயிடாது."

"மெஷின் ஓடாது. நேரம் ஓடுதே."

மெக்கானிக் பெண்ணுக்கு ஒரு பழக்கம் உண்டு. எடுத்த எடுப்பில் எதையும் திருகித் திறக்க மாட்டாள். கரண்ட் எந்த வழியாக வருகிறதோ அந்த வழியாகவே அவளும் வருவாள். சுவர்ப் பிளக்கில் டெஸ்டரை வைத்தாள், எரிந்தது. யு.பி.எஸ்ஸில் மேஜை விசிறியைச் செருகினாள், சுற்றியது. "இதுவரைக்கும் வந்தாச்சு. இனிமே வாசல்ல எங்கயோ நிக்குது" என்றபடி டார்ச்சோடு மேஜைக்குப் பின்னால் தவழ்ந்து போனவள், பலமாகச் சிரித்தாள்.

"அட, இவ்ளோதானா! பெட்டிக்குப் பின்னாடி இருக்கிற ஸ்விட்ச் ஆஃப்ல இருக்கும்மா. யாரோ அட்டை வேற கட்டித் தொங்க விட்டிருக்காங்க. 'கை வைக்காதே'ன்னு எழுதி சிவப்பு நூல்ல... இதோ, போட்டுடறேன்."

"கையை எடு!"

எத்தனையோ பேர் எத்தனையோ திட்டு திட்டியும் முப்பத்திரண்டு வருடத்தில் குரலை உயர்த்தாதவள் அவள். அந்தக் கத்தலில் மெக்கானிக் பெண் தலையை மேஜையில் இடித்துக்கொண்டாள்.

"என்னம்மா, ஒரு ஸ்விட்ச். அங்க ஒரு உயிர் இழுத்துட்டிருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க?"

சொன்னாள்தான். அவள் கணவர் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்தவர். இருபத்தெட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள், லைனை அணைத்து ஸ்விட்சில் அட்டையைக் கட்டிவிட்டுக் கம்பத்தில் ஏறினார். கீழே வந்த ஒருவன் அட்டையைக் கழற்றிவிட்டு ஸ்விட்சைப் போட்டுவிட்டான். அவனும் கெட்டவன் இல்லை. அவனுக்கும் ஒரு அவசரம் இருந்தது. மேலேயிருந்து விழுந்தவருக்கு ரத்தம் தேவைப்பட்டபோது, ஆஸ்பத்திரிக்கு ரொட்டி கொண்டுவந்த வண்டிக்காரர் ஒருவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு போய்ப் படுத்தார். முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்தியபடியே அடுத்த கடைக்குப் போய்விட்டார். அவர் பெயரைக்கூட இவள் கேட்கவில்லை. பட்டியல் அன்றைக்குப் பிறந்தது. வீட்டின் சட்டமும் அன்றைக்குத்தான் பிறந்தது. சூடு கண்ட பூனை இல்லையா, மிக்ஸியைத் துடைத்தாலும் அவர் அட்டை கட்டுவார். கட்டினவரே அவிழ்க்கணும். பேரப்பிள்ளைகள் கேலி செய்வார்கள், ஆனால் ஒருவரும் தொட மாட்டார்கள்.

இவ்வளவையும் நாலே வாக்கியத்தில் மூச்சு வாங்கச் சொன்னாள். மணி பத்து இருபது. பெயர் தெரியாத ஒருத்தி ஆஸ்பத்திரி மேஜைமேல் கிடக்கிறாள். அவளுக்கும் இந்தப் பட்டியலுக்கும் நடுவில் இருப்பது ஒரு துண்டு அட்டை. போட்டுவிட்டால்தான் என்ன, இது கம்பமா, லைனா என்று அவள் மனமே அவளோடு மல்லுக்கு நின்றது. குனிந்து கையைக்கூட நீட்டிவிட்டாள். அட்டையில் அவருடைய கோணல் எழுத்தைப் பார்த்ததும் கை தானாகத் திரும்பி வந்தது.

மெக்கானிக் பெண் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள்: "சரிம்மா. உங்க சட்டப்படி போடத்தானே கூடாது? கழட்டலாமா?"

"என்னது?"

"பிளக்கையும் பிடுங்கிடறேன். இருக்கிற கரண்டையும் எடுத்துட்டா அட்டைக்கு மரியாதைதானே? உங்க லிஸ்ட் ஹார்ட் டிஸ்க்ல இருக்கு. அதை மட்டும் வெளிய எடுத்து என் லேப்டாப்ல மாட்டிப் பார்ப்போம்."

எக்ஸ்சேஞ்ச் அம்மாவுக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. "எடு தாயி. எவ்வளவு வேணும்னாலும் எடு, போடாத வரைக்கும்."

ஒயர் பிடுங்கப்பட்டது. பக்கவாட்டுத் தகடு திறந்தது. நாலு திருகாணிகளுக்குப் பிறகு, உள்ளங்கை அகல டிஸ்க் வெளியே வந்தது. பட்டியலைத் திறக்க லேப்டாப் பாஸ்வேர்ட் கேட்டது. கணவர் கம்பத்திலிருந்து விழுந்த தேதியை அவள் தட்டினாள். நானூற்றுப் பன்னிரண்டு பேரும் வரிசையாக வந்து நின்றார்கள்.

அதற்குப் பிறகு அவளைப் பார்த்திருக்க வேண்டும். பழைய எக்ஸ்சேஞ்ச் திரும்பி வந்துவிட்டது. முதல் ஆள் வெளியூரில். இரண்டாமவர் கணக்கு வாத்தியார், "பரீட்சை பேப்பரைப் பக்கத்து வாத்தியார்கிட்ட தள்ளிட்டு வர்றேன்" என்றார். மூன்றாவது எண்ணில் பஸ் ஓட்டும் அம்மா எடுத்தாள். "ட்ரிப் முடிஞ்சாச்சு. யூனிஃபார்மோடயே வரலாமில்ல?" என்றாள். பதினொரு மணிக்கு இரண்டு பேரும் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். நர்ஸ் அதைச் சொன்னபோது வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. ஆனாலும் முழுச் சேதி இன்னும் வரவில்லை.

அப்போதுதான் லைன்மேன், சற்றே காலைச் சாய்த்து நடந்தபடி, கையில் ஒரு பெட்டியோடு வந்து சேர்ந்தார். கம்ப்யூட்டர் வயிறு திறந்து கிடப்பதைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. யாரையும் ஒன்றும் கேட்காமல் மேஜைக்குப் பின்னால் குனிந்தார். அட்டை கட்டியபடியே தொங்கியது. முடிச்சுக்கூட நகரவில்லை.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"காலைல தூசி தட்டும்போது கருகின வாசம் வந்துச்சு. புது பவர் சப்ளை வாங்கத்தான் போனேன். நாலு கடை ஏறி இறங்கினேன். உங்கிட்ட சொல்லிட்டுத்தானே போனேன், தலையாட்டினியே?"

மெக்கானிக் பெண் பழைய பவர் சப்ளையின் சல்லடை வழியாக டார்ச் அடித்தாள். "உள்ள ஒரு பார்ட் உப்பி வெடிச்சிருக்கு. நல்லவேளை, நான் போடலை. போட்டிருந்தா டிஸ்க்கையும் சேர்த்துச் சுட்டிருக்கும். லிஸ்ட் போயிருக்கும்மா."

புது பவர் சப்ளையை மாட்டி, டிஸ்க்கைத் திரும்ப வைத்து, அவள் விலகி நின்றாள். லைன்மேன் சிவப்பு நூலை அவிழ்த்தார். "லைன் போடறேன்!" என்று, கம்பத்தடியில் நிற்கும் ஆளுக்குக் கேட்கிற மாதிரி உரக்கச் சொல்லிவிட்டு ஸ்விட்சைப் போட்டார். பொத்தானை அழுத்தியதும் விசிறி சுற்றியது.

போன் அடித்தது. நர்ஸ்தான். ரத்தம் நின்றுவிட்டது, தாய் கண் விழித்துவிட்டாள், பெண் குழந்தை. வீட்டுக்காரர்கள் கொடுத்தவர்களின் பெயரைக் கேட்கிறார்கள் என்றாள்.

"பேர் சொல்ல மாட்டோம்மா. எங்களுக்கும் ஒருத்தர் பேர் தெரியாது. தினம் நினைச்சுக்கறோம். அவங்களையும் அப்படியே நினைச்சுக்கச் சொல்லு."

கணவர் எதிரே நின்று என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். அவளும் தலையாட்டிக்கொண்டிருந்தாள். பாதியில் தனக்கே உறைத்தது. நர்ஸிடம் விடைபெற்று, போனை அதன் இடத்தில் வைத்து, அவர் பக்கம் முழுசாகத் திரும்பி உட்கார்ந்தாள்.

"இப்ப சொல்லுங்க. காலைல என்ன சொன்னீங்க?"

"ஒண்ணுமில்ல. தொடாதேன்னு சொன்னேன்."

"தொடலை" என்றாள்.

அவர் அட்டையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே வெகுநேரம் தலையாட்டினார்.