குப்பையில் கொட்டிய மான்கறி

அமெரிக்காவில், சுகர் லேண்டில் அக்கா வீட்டில் தங்கி, மச்சான் தயவில் பிழைத்த காலம். தன் மகள் நிச்சயதார்த்த விருந்துக்கு அவரே பிஸ்மில்லா சொல்லி மான் சுட்டார். ஜும்மாவுக்கு நேரமானதால் குடலை எடுக்காமல், வெயிலில் காரிலேயே போட்டுவிட்டுத் தொழப் போனோம். திரும்பிவந்து வயிற்றைக் கீறியதும் நாற்றம் குமட்டியது. குண்டு குடலைக் கிழித்திருந்தது.

“மஞ்சளும் வினிகரும் போட்டு நல்லா அலசு மாப்ள. மசாலாவுல யாருக்குத் தெரியப்போவுது?”

“வேணாம் மச்சான். பிள்ளைங்களும் சாப்பிடும்.”

“அப்ப சம்பந்திக்கு என்னத்த வைப்ப, ஒன் தலையவா?”

அவரை எதிர்த்துப் பேசியறியாத நான், கறியைக் குப்பையில் கொட்டி, யாரும் திரும்ப எடுக்காதபடி பிளீச் ஊற்றினேன். வெறும் குஸ்காதான் பரிமாறினோம். மச்சான் தலை நிமிரவேயில்லை.

மறுநாள் என் பெட்டி வாசலில் இருந்தது. எங்கே போவதென்று தெரியாமல் அழுதேன். கொட்டிய கறிக்காக மட்டும் அழவில்லை; சோறு போட்டவரைச் சம்பந்தி முன்னால் தலைகுனிய வைத்ததற்காகவும்தான்.