ஓடையோரம் அப்பா தொலைந்த மதியம்

நான் ஞாயிற்றுக்கிழமைதோறும் நடக்கப் போகிற இடத்தின் வாசலில் ஒரு பலகை இருக்கிறது. மூன்று நடைபாதைகளைப் படமாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அதன் தரத்தை எழுதியிருக்கிறார்கள். ஓடையை ஒட்டிப் போகிற பாதைக்கு ‘ஈஸி’ என்று பச்சை எழுத்தில் இருக்கும். முக்கால் மணி நேரம் ஆகும், ஏற்றம் கிடையாது, உட்கார இரண்டு இடத்தில் பெஞ்சு உண்டு, கழிவறை கார் நிறுத்துமிடத்தில். காட்டுக்குள் போகிறவனுக்கு இத்தனையும் வாசலிலேயே சொல்லிவிடுகிறார்கள். டொராண்டோவிலிருந்து கார் ஒரு மணி நேரம் ஓடினால் இந்த இடம் வரும். ‘கன்சர்வேஷன் ஏரியா’ என்பார்கள். நம் ஊர்க் கணக்கில் காப்புக்காடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓடைக்கு ‘க்ரீக்’ என்று பெயர். ஒரு கையில் காபியும் மறு கையில் நாயுமாக ஜனங்கள் வருவார்கள். முன்பின் தெரியாதவர்கூட ‘ஹாய்’ என்று சிரிப்பார். வந்த புதிதில் நான் நின்று, எந்தப் பக்கத்துக்காரர், என்ன வேலை என்று விசாரிக்கத் திரும்புவேன். அதற்குள் அவர் பத்தடி போயிருப்பார். சிரித்ததே போதும், பேச வேண்டியதில்லை என்பது எனக்குப் பிடிபட ஒரு வருஷம் ஆயிற்று.

எனக்கு ஊர் மம்சாபுரம். ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கம். மேற்கே எந்தத் தெருவில் நின்று பார்த்தாலும் மலை தெரியும். அப்பா ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் ஷிப்டு வேலை பார்த்தார். அவர் பெயர் பிச்சையா. நூல் நூற்கிற ரிங் பிரேம் மிஷின்களின் இரைச்சலில் இருபது வருஷம் நின்றதில் காது கொஞ்சம் மந்தமாகி, வீட்டிலும் சத்தமாகவே பேசுவார். சித்திரை பிறந்துவிட்டால் மில்லுக்கு லீவு போட்டுவிட்டு மலையடிவாரத்தில் சித்தப்பாவோடு சேர்ந்து குத்தகைக்கு எடுத்த மாந்தோப்புக்குக் காவலுக்குப் போய்விடுவார். சூப்பர்வைசர் திட்டுவாராம். திட்டட்டும் என்பார் அப்பா. மில்லில் நின்றவரும் தோப்பில் நின்றவரும் ஒரே ஆள் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். மில்லுக்குப் போகும்போது தலை குனிந்து போவார். தோப்பில் மார்பில் துண்டுகூட இல்லாமல், ஏதோ மலையே தன் பெயரில் பட்டா ஆனதுபோல நடப்பார்.

எண்பதுகளில் பள்ளிக்கூட லீவு பூராவும் எனக்கு அங்கேதான். செண்பகத்தோப்புப் பக்கம் ஓடையைப் பிடித்து மேலே நடந்தால் தோப்பு வரும். கோடையில் ஓடையில் தண்ணீர் ஓடாது. பாறைக்குப் பாறை குழியில் தேங்கிக் கிடக்கும். அந்தக் குழிகளை எண்ணிக்கொண்டே போவேன். சப்பட்டை மாங்காயின் பால் வாசனையும், காய்ந்த சருகு வாசனையும், பாறைச் சூடும் கலந்து ஒரு மணம் அடிக்கும். அதை இந்த நாட்டில் எந்தக் கடையிலும் வாங்க முடியாது, தேடிப் பார்த்துவிட்டேன். மலையணில் ஒன்று, பூனை அளவுக்கு இருக்கும், மரத்துக்கு மரம் தாவும்போது சித்தப்பா தலைக்குமேல் கையை வைத்துக்கொள்வார். அவர் தலையில் ஒருமுறை அது கடித்துப் போட்ட மாங்கொட்டை விழுந்ததிலிருந்து அப்படி. சாயங்காலமானால் ராவுத்தர் மாமா வண்டி கட்டிக்கொண்டு காய் எடுக்க வருவார். பஞ்சவர்ண மாங்காயை மட்டும் தனியாக வைக்கோலில் வைப்பார். தூரத்தில் மதுரை ரயில் செங்கோட்டைக்குப் போகிற சத்தம் கேட்டால் அப்பா குளிக்கப் போவார்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் யாரும் சும்மா காட்டுக்குப் போனதில்லை. விறகு, தழை, தேன், காய்க் காவல், சாமி கும்பிடு, ஏதாவது ஒரு ஜோலி இருக்கும். ராஜபாளையத்துப் பையன்களோடு ஐயனார் கோயில் ஆற்றுக்குக் குளிக்கப் போனதுதான் நான் காரியமில்லாமல் போனது. அதற்கும் வீட்டில் சாமி கும்பிடப் போவதாகத்தான் சொன்னோம்.

அப்பா மூன்று வருஷத்துக்கு முன்னால் கனடா வந்தார். அம்மா இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. நாங்கள் வரச்சொல்லி வந்தார் என்று எல்லோரிடமும் சொன்னோம். நிஜம் வேறு. எனக்கு அப்போது இங்கே குடியுரிமைக்கு விண்ணப்பிக்கிற நேரம் வந்திருந்தது. அதை எழுதிக் கொடுத்தால் இந்தியப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இந்தச் செய்தி என் மனைவி சாந்தியின் ஊரான செட்டியார்பட்டி வழியாகச் சுற்றி அப்பா காதுக்குப் போய்விட்டது. மகனை ஊருக்கே திரும்பி வரச்சொல்லிக் கேட்கத்தான் அவர் விமானம் ஏறினார். வந்து ஐந்து வாரம் ஆகியும் கேட்கவில்லை. கேட்பார், கேட்பார் என்று நானும் ஒவ்வொரு சாப்பாட்டு வேளையிலும் பயந்துகொண்டே இருந்தேன். விண்ணப்பத் தாள் அலமாரியில் துணிக்கு அடியில் இருந்தது.

வீட்டுக்குள்ளேயே இருந்து அவர் முகம் வாடியது. அதனால் ஓடைப் பாதைக்குக் கூட்டிப்போனேன். அங்கே டோரத்தி என்று ஒரு அம்மாள், எழுபது வயது இருக்கும், சம்பளமில்லாமல் வந்து நிற்பார். கழுத்தில் ஊதல், கையில் அட்டையில் செருகிய காகிதம். வருகிறவர்களுக்கு வழி சொல்வார். இங்கே எப்படி இருக்கிறது என்று அப்பாவைக் கேட்டார். அப்பா என்னைப் பார்த்து, “இங்க வாரவுக என்ன எடுக்க வாராக?” என்று கேட்கச் சொன்னார். நான் கேட்டேன். ஒன்றும் எடுக்கக்கூடாது, ஒரு பைன் காய்கூட எடுக்கக்கூடாது என்று டோரத்தி பதறிப்போய்ச் சொன்னார். இவர் எதையோ எடுக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்துவிட்டார் போல. அன்றிலிருந்து அப்பாவின் கோட்டுப் பையை அவர் ஒரு பார்வை பார்ப்பார். அப்பாவுக்கோ, ஒன்றும் எடுக்காமல் திரும்புகிறவர்களைப் பார்த்து இரக்கம்.

அக்டோபர் கடைசி ஞாயிறு. சாந்திக்கு ஆஸ்பத்திரியில் வேலை. நானும் அப்பாவும் என் மகள் மீனாவும் போனோம். மீனாவுக்கு அப்போது ஐந்து வயது. பாதி வழியில் அவளுக்கு அவசரம். இந்தப் பாதை ஓரிடத்தில் ஓடையை விட்டுப் பிரிந்து புல்வெளியைச் சுற்றிக் கார் நிறுத்துமிடத்துக்கு வந்து சேரும். அப்பாவை அந்தப் பிரிவில் இருந்த பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். திரும்பி வந்தபோது பெஞ்சு காலி. முன்னால் புல்வெளியில் ஒரு நாயும் ஒரு தம்பதியும் மட்டும். மணி மூன்று. குளிர்காலக் கணக்குக்காக நாடு முழுக்கக் கடிகாரத்தை அன்றைக்குத்தான் ஒரு மணி நேரம் பின்னால் தள்ளியிருந்தார்கள், ஐந்து மணிக்கெல்லாம் வெளிச்சம் போய்விடும். அப்புறம் குளிர் நீர் உறைகிற அளவுக்கு இறங்கும். அப்பாவிடம் என் பழைய கோட்டும் ஒரு குரங்குக் குல்லாவும் மட்டும் இருந்தன. ஒரு வார்த்தை இங்கிலீஷ் தெரியாது. மீனாவைத் தூக்கிக்கொண்டு டோரத்தியைக் கூப்பிட ஓடினேன்.

டோரத்தி வந்தார். இன்னும் மூன்று பேரைச் சேர்த்தார். அப்பாவின் பெயரைக் கேட்டு, எழுத்துக்கூட்டி, அட்டையில் எழுதிக்கொண்டார். ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்து, “மிஸ்டர் பிச்சாயா! மிஸ்டர் பிச்சாயா!” என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். எனக்கும் ஒரு பக்கம் ஒதுக்கினார்கள். ஏதாவது தெரிந்ததா என்று நடுநடுவே டோரத்தி என்னைக் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தார். “சேம்! சேம்!” என் பெயர் கருப்பசாமி. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே ஆபீசில் முன்பாதியை விட்டுவிட்டுப் பின்பாதியை வைத்துக்கொண்டார்கள், அதையும் சேம் ஆக்கினார்கள். நானும் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அப்பாவிடமிருந்து பதில் வரவில்லை. அப்பாவுக்குக் காது மந்தம், மில்லில் வேலை பார்த்தவர் என்று நான் சொன்னேன். அவர்கள் இன்னும் சத்தமாகக் கூப்பிட்டார்கள். மணி நான்கைத் தாண்டியது. டோரத்தி போலீசுக்குச் சொல்லப் போவதாகச் சொல்லி, அட்டையைப் பார்த்து அப்பாவின் பெயரை இன்னொரு தரம் நிறுத்தி நிறுத்திப் படித்தார்.

அவர் அப்படிப் படித்ததைக் கேட்டுத்தான் எனக்குப் புத்தி வந்தது. எங்கள் பக்கத்து மலையைச் சரணாலயமாக அறிவித்த புதிதில், நான் பாலிடெக்னிக் படிக்கும்போது, வெளியூரிலிருந்து ஒரு வனக்காவலர் வந்தார். நல்ல மனுஷன், பொறுப்பானவர். விறகுக்குப் போகிற பெண்களின் பெயரை நோட்டில் எழுதிக்கொண்டு உள்ளே விட்டார். நான்கு மணிக்குள் எல்லோரும் வெளியே வர வேண்டும் என்று சொன்னார். வரவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு ஓடைக்கரைக்குப் போய் ஒவ்வொரு பெயராகப் படித்தார். பன்னிரண்டு பெயர், பன்னிரண்டுக்கும் பதில் இல்லை. யானை அடித்துவிட்டது என்று முடிவு கட்டி, அழாத குறையாக மம்சாபுரத்துக்கு ஓடி வந்தார். ஊரே சிரித்தது. அவர் படித்த பாறைக்குப் பின்னால்தான் பன்னிரண்டு பேரும் சும்மாட்டை அவிழ்த்துப் போட்டு, வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அதில் என் பெரியம்மாவும் ஒருத்தி. அவள்தான் வந்து அவரிடம் சொன்னாள்: “காட்டுக்குள்ள பேரு சொன்னா அது கேட்டுக்கிரும் ஐயா. பொறவு ஆளை விடாது. கூவுங்க, வாரோம்.”

எங்கள் ஊரில் யாரும் யாருக்கும் கற்றுக்கொடுக்காத சங்கதி இது. மலைக்குள் பெயர் சொல்லக்கூடாது, சொன்னால் அந்த ஆளை ஊர் திரும்பவிடாமல் காடு தன்னோடு வைத்துக்கொள்ளும். பெயர் சொல்லி எவன் கூப்பிட்டாலும் பதில் பேசக்கூடாது. மனுஷனாக இருந்தால் கூவுவான். ராவுத்தர் மாமாகூடத் தோப்புக்குள் நுழைந்தால் எங்களைக் கூவித்தான் கூப்பிடுவார். ஒன்பது வருஷம் பலகைகளைப் படித்துப் படித்து நான் அதை அடியோடு மறந்திருந்தேன்.

தெரிந்த பிறகும் கூவ வரவில்லை. இந்த நாட்டில் நான் முதலில் பழகியதே குரலைத் தணிப்பது. ஊருக்கு டெலிபோனில் பேசியதற்கே பக்கத்து வீட்டில் புகார் சொல்லியிருக்கிறார்கள். டோரத்தி பார்த்துக்கொண்டிருந்தார், தம்பதி பார்த்துக்கொண்டிருந்தார்கள், மீனா என் விரலைப் பிடித்திருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு, கையை வாயில் குவித்து, ஒரு நீளக் கூவல் விட்டேன். முதல் தடவை பாதியில் உடைந்தது. நாய் குரைத்தது. இரண்டாவது தடவை சரியாக வந்தது. எனக்குள் இவ்வளவு பெரிய குரல் மிச்சம் இருந்தது எனக்கே தெரியாது.

ஓடைப் பக்கத்திலிருந்து இரண்டு சின்னக் கூவல் வந்தது. இங்கேதான் இருக்கிறேன், நீ வா என்று அர்த்தம்.

நாங்கள் தேடிக்கொண்டிருந்த இடத்துக்கும் அவர் இருந்த இடத்துக்கும் அதிக தூரம் இல்லை. பாதை ஓடையை விட்டாலும் அவர் விடவில்லை. தண்ணீரைப் பிடித்துக்கொண்டே போய், விழுந்து கிடந்த ஒரு மரத்தில் உட்கார்ந்திருந்தார். குளிரில் உதடு வெளுத்திருந்தது. நான் அவரைக் கட்டிப்பிடித்து அழுதேன். அவர் என் முதுகைத் தட்டிவிட்டு முதலில் சொன்னது புகார்தான்.

“அந்தப் பொம்பள எம்பேரை எம்புட்டு நேரமா ஏலம் போடுதா. நான் எப்படி வாயத் தெறப்பேன்?”

கோட்டுப் பொத்தானைப் போட்டுவிட்டேன். அவர் குரங்குக் குல்லாவைக் காதுக்குமேல் தூக்கிவிட்டுக்கொண்டார். பிறகு தணிந்த குரலில், நான் அவரிடம் கேட்டறியாத குரலில், கேட்டார்.

“ஏலே, உம்பேரை எவனும் சொல்லலைல்ல?”

மதியம் பூராவும் அந்த மரங்களுக்குள் ‘சேம், சேம்’ என்று ஒலித்துக்கொண்டிருந்தது. அது என் பெயர் என்பது அவருக்குத் தெரியாது. “இல்லப்பா” என்றேன்.

“அப்பச் சரி. எம்பேரு போனாப் போகுது, நான் வயசானவன். நீ ஊரு வந்து சேந்துருவ.”

ஐந்து வாரமாகக் கேட்காத கேள்விக்கு அவரே பதிலும் சொல்லி முடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை. சந்தோஷமாகச் சாப்பிட்டார். டோரத்திக்குக் கும்பிடு போட்டார். டிசம்பரில் ஊருக்குப் போனவர், மம்சாபுரத்து வீட்டில் எங்களுக்கென்று மாடியில் ஓர் அறை கட்டியிருக்கிறார். ஜன்னல் மலையைப் பார்த்து இருக்கிறதாம். மீனாவுக்குத் தனியாக ஒரு அலமாரி வைத்திருப்பதாகப் போன கடிதத்தில் எழுதியிருந்தார். நான் அதைப் படித்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

ஏனென்றால் அந்த விண்ணப்பத்தை நான் கொடுத்துவிட்டேன். போன வருஷம் ஒரு பெரிய மண்டபத்தில் நூறு பேரோடு நின்று, கையை உயர்த்தி, கருப்பசாமி என்று முழுப் பெயரையும் சொல்லி உறுதிமொழி எடுத்தேன். நல்லவேளை, அது நான்கு சுவருக்குள் நடந்தது, காட்டில் இல்லை என்று அப்போது எனக்குத் தோன்றியது. நாற்பது வயதில், இன்ஜினியர் என்று அட்டை வைத்திருக்கிற ஒருவனுக்கு இப்படித் தோன்றுகிறது, சிரித்துக்கொள்ளுங்கள். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. இதை மம்சாபுரத்தில் யாராவது படித்தால் தயவுசெய்து அவரிடம் சொல்லிவிடாதீர்கள். நானே நேரில் வந்து சொல்கிறேன். அந்த மாடி அறையில் ஒரு வாரமாவது தூங்கி எழுந்த பிறகு சொல்கிறேன்.

போன ஞாயிறும் ஓடைக்குப் போனோம். மீனாவுக்கு இப்போது எட்டு வயது. பள்ளியில் குடும்பத்தாரின் பெயர்களை எழுதிவரச் சொல்லியிருக்கிறார்கள். பாதை பிரிகிற அதே இடத்தில், பெஞ்சில் உட்கார்ந்து, தாளையும் பென்சிலையும் எடுத்து வைத்துக்கொண்டு அவள் இங்கிலீஷில் கேட்டாள், அப்பா, உங்கள் முழுப் பெயர் என்ன என்று. மரங்களில் இலை இல்லை. ஓடை மட்டும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. காரில் ஏறியதும் சொல்கிறேன் என்றேன்.