கோரமண்டல் கோபுரம்

எங்கள் தெருக் கோயில் கோபுரத்துக்கு இன்று வண்ணம் அடித்தார்கள். அந்தப் பெயிண்ட் வாசனையில், நான் சிறுவயதில் இருந்த தங்கச் சுரங்கக் குடியிருப்பான கோரமண்டலில், இப்போது இல்லாமல் போய்விட்ட மாரியம்மன் கோயில் நினைவுக்கு வந்தது.

தகரக் கூரை போட்ட கோயில் அது. வாசலில் கோபுரம் எழுப்ப வேலூரிலிருந்து வந்த ஸ்தபதி, சுரங்கத்தில் பாறை வெடிக்கும்போதெல்லாம் காலடியில் தரை அதிர்வதைப் பார்த்துவிட்டு, நம் ஊர்ப் பக்கம் போல உயரமாக வேண்டாம், குட்டையாகவே கட்டிவிடலாம் என்றார்.

அம்மா விடவில்லை. "இன்னாங்க நீங்க, எங்க வீட்டுக்காரரு சுரங்க ஷாப்ட்டுலேர்ந்து மேல வந்தா கண்ணுக்குத் தெரிய வேணாமா?"

ஸ்தபதி சற்று யோசித்து, அடித்தளத்தை நன்றாக அகலப்படுத்தி, மூன்று நிலைக் கோபுரமாகவே எழுப்பினார். பச்சையும் மஞ்சளுமாகச் சுதைப் பொம்மைகள் நிறைந்தன.

குடமுழுக்கு முடிந்த மறுநாள், ஷிப்ட் விட்டு வந்த அப்பா செருப்பைக் கழற்றும் முன்பே சொன்னார்: "தெரியுதுமே. கலசம் வரைக்கும் தெரியுது."

அம்மா முகமெல்லாம் சிரிப்பாக அவருக்குச் சோறு போட்டாள்.