சில்லில் ஒட்டிய வெள்ளை டேப்

என் ஸ்கூட்டியின் சில்லு விளிம்பில், சக்கரத்தைச் சுற்றி நான் ஒட்டிய டேப்பை என் கையாலேயே உரிக்க வைத்தார்கள். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும். அப்படி என்ன செய்துவிட்டேன்? வெளிச்சம் பட்டால் மின்னும் ஒரு வெள்ளை டேப், விரல் அகலம்கூட இல்லை. அதற்கு ஒரு குடும்பமே உட்கார்ந்து கதைத்தது.

கல்முனை பசாரில் எனக்குச் சின்னதாக ஒரு தையல் கடை இருக்கிறது. வீடு சாய்ந்தமருதில். அபாயா தைக்கக் கொடுப்பவர்களில் பாதிப்பேர் ஆசிரியைகளும் கந்தோர் வேலைக்குப் போகும் பெண்களும்தான். அவர்கள் வேலை முடிந்து வீட்டுக்குப் போய், சமையலையும் பார்த்துவிட்டுத்தான் அளவு கொடுக்க வருவார்கள். அதனால் பொழுதுபட்டு, மஃரிப் பாங்கு சொன்ன பிறகுதான் நான் கடையைப் பூட்டுவது வழக்கம்.

அப்படித் திரும்பி வந்த ஒரு நாள், குறுக்கு வீதியிலிருந்து வெளிப்பட்ட ஆட்டோ ஒன்று என் பக்கவாட்டில் இடித்தது. முழங்கையில் தோல் உரிந்து, இடுப்பில் நல்ல அடி. ஆட்டோக்காரர் பதறிப்போய் வண்டியைத் தூக்கி நிறுத்தினார்.

"சத்தியமாக் காணல்ல ராத்தா. கறுப்பு வண்டி, கறுப்பு அபாயா. பக்கத்தால பாத்தா ஒண்டுமே விளங்கல்ல" என்றார்.

திட்ட வாயெடுத்த நான் அடங்கிவிட்டேன். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. முன்னால் வருபவனுக்கு என் முன் லைட் தெரியும், பின்னால் வருபவனுக்குச் சிவப்பு லைட் தெரியும். பக்கத்திலிருந்து வருபவனுக்கு நான் வெறும் இருட்டு.

இடுப்பு வலி குறைந்ததும் உதிரிப்பாகக் கடைக்குப் போய் மின்னும் டேப் கேட்டேன். "தம்பிமாருக்கா?" என்று கேட்டுக்கொண்டே கடைக்காரர் பச்சையும் சிவப்புமாக எடுத்துப் போட்டார். எனக்குத்தான் என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்து, இருந்தவற்றில் வெள்ளையைத் தேர்ந்தெடுத்தேன். பிறகு வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து, கடல் மணலும் உப்பும் படிந்த விளிம்பைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிக் காயவிட்டு ஒட்டத் தொடங்கினேன். ஸ்கூட்டிச் சில்லு சின்னது. நேரான டேப்பை அதில் அப்படியே வளைத்தால் உள்பக்கம் சுருங்கி மடிந்துவிடும். அபாயாக் கழுத்துக்குப் பட்டி வைக்கும்போது வருகிற அதே தொல்லை. கழுத்துக்குச் செய்வதைத்தான் இதற்கும் செய்தேன். குட்டைத் துண்டுகளாக நறுக்கி, உள்ஓரத்தில் கத்தரிக்கோலால் சின்னச் சின்ன வெட்டுகள் போட்டு, விரலால் அழுத்தி அழுத்தி ஒட்டினேன். ஒரு சுருக்கம் விழவில்லை. டோர்ச் அடித்துப் பார்த்தேன், சில்லு வட்டமாகப் பளிச்சென்று தெரிந்தது. அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

அந்த நிம்மதி நிலைக்கவில்லை. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். இந்த வீடு என் வாப்பா எனக்குக் கட்டித் தந்தது. ஸ்கூட்டி நான் தைத்துச் சம்பாதித்து வாங்கியது. என் கணவரின் உம்மா, மாமி, தன் இளைய மகனோடு பக்கத்துத் தெருவில் இருக்கிறார். அந்தத் தெருவிலிருந்து வந்து, என் முற்றத்தில் நின்று, என் வண்டியைப் பார்த்து மூக்கைச் சுளித்தார்.

"இது என்ன கூத்து மகள்? ஆம்புளப் புள்ளையள் ஒட்டிக்கிட்டுத் திரியிற சாமான். பொம்புளைட வண்டி இப்பிடி மினுங்கினா ஊரே திரும்பிப் பாக்கும்."

"பாக்கணும் எண்டுதான் மாமி ஒட்டின நான். காணாமத்தானே அண்டைக்கு இடிச்ச."

"அப்ப மஃரிபுக்கு முந்திக் கடையைப் பூட்டுங்களன்."

எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டார். அந்த நேரத்தில் பூட்டினால் அளவு கொடுக்க வருபவர்கள் அடுத்த கடைக்குப் போவார்கள், அதற்கடுத்த பெருநாளுக்கும் அங்கேதான் போவார்கள். என் கணவர் வாய் திறப்பார் என்று அவரைப் பார்த்தேன். திறந்தார்.

"உம்மாட மனசை ஏன் நோகடிக்கணும்? எடுத்து உடுங்களன்."

என் இடுப்பு நொந்தது யாருக்கும் நினைவில்லை. ஒட்டத் தெரிந்த எனக்கு உரிக்கவும் தெரியும். முடி காயவைக்கும் மெஷினால் டேப்பைச் சூடாக்கி, ஓரத்தை நகத்தால் கிளப்பி, சாய்வாக மெல்ல இழுத்தேன். அப்படியும் வெடித்து வெடித்துத்தான் வந்தது. உரித்ததை மறுபடி ஒட்ட முடியாது. விளிம்பில் எஞ்சிய பசையை நான் துடைக்கவில்லை, ஆத்திரத்தில் அப்படியே விட்டுவிட்டேன். அதில் தெருத் தூசியெல்லாம் அப்பி, ஒரு கறுப்பு வளையமாகிப் போனது. அதன் பிறகு ஒவ்வொரு குறுக்கு வீதி வாயிலும் ஹோர்ன் அடித்துக்கொண்டுதான் வீடு வந்து சேர்ந்தேன்.

அறுவடைக் காலம் வந்தது. மாமியின் இளைய மகன் வட்டைக்குப் போய் வயலைப் பார்த்துவிட்டுப் பொழுதுபட மோட்டார் சைக்கிளில் திரும்புவார். ஒரு நாள், நெல் மூட்டை ஏற்றிய உழவு இயந்திரம் ஒன்று வரம்புப் பாதையிலிருந்து தார் வீதிக்கு ஏறும்போது அவரை உரசித் தள்ளிவிட்டது. அல்ஹம்துலில்லாஹ், சிராய்ப்போடு போனது. அடுத்த நாள் காலையில் மாமி அவரையும் அவருடைய மோட்டார் சைக்கிளையும் கூட்டிக்கொண்டு என் முற்றத்துக்கு வந்தார். கையில் ஒரு டேப் சுருள். வெள்ளை.

"இவன் ஒட்டிப் பாத்தான் மகள், எல்லாம் சுருங்கிப் போச்சி. நீங்க வடிவா ஒட்டுவீங்களே. கொஞ்சம் ஒட்டித் தாங்க. ஆபத்தான ரோட்டு."

டேப் சுருளை வாங்கிப் பார்த்தேன். மகனுக்கு என்றால் ஆபத்தான ரோட்டு. எனக்கு என்றால் கூத்து. அதே டேப், அதே பளபளப்பு, ஊரும் அதே ஊர்தான். ஆனால் அந்தத் தம்பியின் கட்டுப் போட்ட கையைப் பார்த்தபோது முடியாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"ஒட்டித் தாறன் மாமி. முதல்ல என்ட வண்டிக்கு."

"இவன் வட்டைக்குப் போகணுமே."

"நான் கடைக்குப் போகணும்."

மாமி என் ஸ்கூட்டியின் கறுத்துப்போன விளிம்பைக் குனிந்து பார்த்தார். பிறகு என் கணவரைப் பார்த்து, "மண்ணெண்ணெய்த் துணிய எடுத்து அந்தப் பசையைத் துடைங்க மகன்" என்றார். அவர் மறுபேச்சில்லாமல் குந்தி உட்கார்ந்து துடைத்தார், சவர்க்காரம் போட்டுக் கழுவினார். மன்னிப்பு என்று ஒரு சொல் யார் வாயிலிருந்தும் வரவில்லை. நானும் கேட்கவில்லை. என் இரண்டு சில்லுக்கும் இரு பக்கமும் நிதானமாக ஒட்டி முடித்துவிட்டுத்தான் மோட்டார் சைக்கிளுக்கு வந்தேன். அதன் சில்லு பெரியது. முன் சில்லு முடிந்து, பின் சில்லில் ஒரு பக்கமும் ஒட்டியதோடு சுருள் தீர்ந்துவிட்டது.

மாமி மற்றப் பக்கம் போய்க் குனிந்து பார்த்தார். "ஒரு பக்கம் இல்லாம எப்பிடி மகள் போறது? அந்தப் பக்கத்தால வாறவன் காண மாட்டானே."

கத்தரிக்கோலைத் துடைத்து வைத்துவிட்டுச் சொன்னேன்:

"நான் ரெண்டு பக்கமும் இல்லாமத்தான் மாமி இவ்வளவு நாளும் வந்தன்."