பேசிக்கொள்ளாத இரண்டு ஆஸ்பத்திரிகள்

என் அக்காவைக் காப்பாற்றியிருக்கக்கூடிய பாடத்தை, அவள் இறந்த மறுவருடம், சம்பளம் வாங்கிக்கொண்டு படித்தேன்.

அக்காவுக்கு ஒரு ஆன்டிபயாட்டிக் ஊசி ஒத்துக்கொள்ளாது. ஊரப்பாக்கத்தில் இருந்தபோது அதைப் போட்டு முகம் வீங்கி, மூச்சு முட்டி, அங்கிருந்த ஆஸ்பத்திரியில்தான் பிழைக்க வைத்தார்கள். மருந்தின் பெயரைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். எங்களுக்கு அது வாயில் நுழையவில்லை.

பிறகு அவளும் மாமாவும் கோவிலம்பாக்கத்துக்குக் குடிபோனார்கள். மாமா ஆட்டோ ஓட்டுகிறார். கடும் காய்ச்சலில் அவளை அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு எனக்குப் போன் செய்தார்.

"மச்சான், எந்த ஊசி ஒத்துக்காதுன்னு டாக்டர் கேட்டுக்கினு கீறாரு. பேரு இன்னா?"

எனக்கும் தெரியவில்லை. ஊரப்பாக்கம் ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டேன்.

"ரெக்கார்டு ஸ்கிரீன்லதான் இருக்கு சார்," என்றாள் கவுன்டர் பெண். "ஆனா போன்ல சொல்லக்கூடாது. நேர்ல வாங்க."

"அங்க டாக்டர் வெயிட் பண்றார்மா."

"ரூல்ஸ் சார். நான் என்ன பண்றது?"

தாம்பரத்திலிருந்து பைக்கில் கிளம்பினேன். பெருங்களத்தூரில் வழக்கம்போல் நெரிசல். பிரின்ட் கைக்கு வந்ததும் படமெடுத்து மாமாவுக்கு அனுப்பினேன். அதற்குள் டெஸ்ட் டோஸ் போட்டு, ஒன்றும் ஆகவில்லை என்று முழு ஊசியும் போட்டிருந்தார்கள். அதே மருந்து. மறுநாள் மதியம் அக்காவை ஐசியுவிலிருந்து துணி சுற்றிக் கொடுத்தார்கள்.

கிருமி ரத்தத்தில் ஏறியிருந்தது, காத்திருக்க முடியவில்லை என்றார் டாக்டர். அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. திட்டுவதற்குக்கூட ஒரு ஆள் கிடைக்கவில்லை என்பதுதான் இன்றும் கசக்கிறது.

அதன்பின் என் கம்பெனியில், ஆஸ்பத்திரிகளுக்கு சாப்ட்வேர் செய்யும் பிரிவுக்கு என்னை மாற்றினார்கள். முதலில் பயிற்சி. ஒரு ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர் எழுதுவதை இன்னொன்று படிக்க வேண்டுமென்றால் இரண்டுக்கும் பொதுவான அமைப்பு வேண்டும் என்றார் பயிற்சி கொடுத்த பெண். பெயருக்கு ஒரு கட்டம், ரத்தப் பரிசோதனைக்கு ஒரு கட்டம், ஒவ்வாமைக்கு ஒரு கட்டம். ஒரு மருந்துக்கு எங்கும் ஒரே குறியீடு. ஆளுக்கொரு கற்பனை நோயாளியை உருவாக்கச் சொன்னார். நான் ஒரு பெண்ணை உருவாக்கி, அக்காவைக் கொன்ற மருந்தை ஒவ்வாமைக் கட்டத்தில் இட்டேன். வேறொரு சர்வரிலிருந்து அவளைத் தேடினேன். விரலை எடுப்பதற்குள் மருந்தின் பெயர் திரையில் வந்துவிட்டது.

"இது எப்ப வந்தது மேடம்?"

"ரொம்ப வருஷமா இருக்கு சார். பல ஆஸ்பத்திரி சாப்ட்வேர்லயும் இருக்கு. ஆன் பண்ணச் சொல்லி யாரும் கேக்கறதில்ல."

எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். மேலே படித்தேன். தேர்வில் நல்ல மதிப்பெண்.

முதலில் என்னை அனுப்பியது பல்லாவரம் பக்கம் ஒரு ஆஸ்பத்திரிக்கு. பரிமாற்ற வசதியைத் திறந்து வைக்கலாம், நோயாளி சம்மதித்தால் மட்டும் தகவல் போகும் என்று விளக்கினேன். நிர்வாகி சிரித்தார்.

"நம்ம பேஷன்ட்ட நாமளே அடுத்தவனுக்கு அனுப்பி வெக்கிறதா சார்?"

அக்காவைப் பற்றிச் சொன்னேன். சிரிப்பு நின்றது. "சாரி சார். செகண்ட் ஃபேஸ்ல பாக்கலாம்," என்றார். அந்த இரண்டாம் கட்டம் இன்னும் வரவில்லை. அந்த வசதியை அணைத்து வைத்தே ஒப்படைத்தோம், அணைத்தது நான்தான்.

போன மாதம் கோவிலம்பாக்கம் போயிருந்தேன். புது வேலை என்னவென்று மாமா கேட்டார். சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"அப்போ உங்கக்காவ சேத்தப்பவே இது இருந்துச்சா மச்சான்?"

"இருந்துச்சு மாமா."

மாமா எழுந்தார். சாவியை எடுத்து ஆட்டோவைக் கிளப்பினார். பின்னால் ஏறிக்கொண்டேன். மேடவாக்கம் கூட்ரோட்டில் இறக்கிவிட்டு, என் முகத்தைப் பாராமல் திரும்பிப் போனார்.