முன்னால் போன சைக்கிள்

நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். ஆட்களின் பெயரைக்கூட மாற்றவில்லை. "மாத்தாண்டாம், எல்லாம் உள்ளதுதானே" என்று பெமிலாவே சொல்லிவிட்டாள்.

பெமிலா தக்கலையில் ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. முப்பத்தொரு வயது. யாராவது பேய்ப்பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுகிற ரகம். போன வருடம் டிசம்பரில் ஒரு பெரிய சைக்கிள் பந்தயம் இருந்தது. அதற்கு முந்தைய முறை நாலாவதாக வந்தவள், இந்த முறை விடுவதாக இல்லை. ஆனால் நவம்பரில் மழை பிடித்துக்கொண்டது. ரோட்டில் சைக்கிளை இறக்க வழியில்லை. அதனால் மாடி அறையில் ரோலரைப் போட்டாள்.

ரோலர் என்பது ஒரு சட்டமும் மூன்று உருளைகளும்தான். பின் சக்கரம் இரண்டு உருளைகள் மேல், முன் சக்கரம் ஒன்றின் மேல். சைக்கிளை எதிலும் பூட்டுவதில்லை. மிதிக்கிற வரைக்கும் நிற்கும், கவனம் பிசகினால் சாயும். எவ்வளவு மிதித்தாலும் நின்ற இடத்திலேயே ஓடுவதால் மேலில் காற்றே படாது. வியர்வைக்கு முன்னால் ஒரு மேசை ஃபேன் வைத்துக்கொள்ள வேண்டும்.

புதன்கிழமை. மழைக்காகப் பள்ளிக்கு லீவு. மதியம் 3.40க்கு ஏறினாள். ஜன்னல் சாத்தியிருந்தது. ர்ர்ர்ர் என்று உருளைகளின் சத்தம்.

3.52க்குக் காற்று நின்றது.

கரண்ட் போய்விட்டது என்று நிமிர்ந்து பார்த்தாள். ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. ஒரு கையை எடுத்துப் பக்கவாட்டில் நீட்டினாள். விரலில் காற்று பட்டது. கையை முகத்துக்கு நேராகக் கொண்டுவந்தாள். இல்லை.

ஃபேனுக்கும் அவளுக்கும் நடுவில் யாரோ இருப்பதுபோல...

மிதியும் லேசாகிவிட்டது. கையிலிருந்த வாட்சில் வேகம் 32லிருந்து 36. இதயத்துடிப்போ குறைந்தது. சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு இது தெரியும். ரோட்டில் முன்னால் ஒருவர் போனால் எதிர்காற்றை அவர் வாங்கிக்கொள்வார். பின்னால் ஒட்டிப் போகிறவருக்குப் பாதி உழைப்புதான். ஆனால் அது ரோட்டில். மூடிய அறைக்குள் இல்லை.

பயம் வரவில்லை அவளுக்கு. உண்மையைச் சொன்னால், சுகமாக இருந்தது.

வியாழக்கிழமையும் லீவு. அன்று 3.50க்குக் கரண்ட் போனது. ஃபேன் நின்றுவிட்டது. ஆனாலும் முகத்தில் காற்று அடித்தது. ஈரக்காற்று. வயலுக்குத் தண்ணீர் போகிற சானலின் சேற்று வாடை. 3.52க்கு அதுவும் பட்டென்று நின்றது. மிதி லேசானது.

அப்போதுதான் அந்தச் சத்தம்.

டிக்... டிக்... டிக்... டிக்...

மிதிப்பதை நிறுத்திவிட்டுச் சக்கரத்தை மட்டும் உருள விட்டால் வருகிற சத்தம் அது. அவள் மிதித்துக்கொண்டே இருந்தாள். அப்படியிருக்க அவள் சைக்கிளில் அது வராது.

சத்தம் அவளுக்கு முன்னாலிருந்து வந்தது.

அன்று இரவு சாப்பிடும்போது கணவன் ஷிபினிடம் சொன்னாள். அவன் எலக்ட்ரீஷியன். "ஃபேன் கப்பாசிட்டர் போயிருக்கும்" என்றான். நாளைக்கு மாற்றித் தருகிறேன் என்றும் சொன்னான்.

வெள்ளிக்கிழமை அவள் ஃபேனைப் போடவே இல்லை. வாட்சில் வீட்டுக்குள் பயிற்சி என்பதைத் தேர்ந்தெடுத்து 3.45க்கு ஏறினாள். போக வேண்டாம் என்று மனதில் ஒரு மூலை சொன்னது. கால் கேட்கவில்லை.

3.52.

வேகம் 38. மிதிப்பதே தெரியவில்லை.

44.

தரையில் சொட்டு சொட்டாக ஈரம். உருளைக்கு முன்னால் ஒரு கோடுபோல விழுந்துகொண்டே இருந்தது. மேலே கூரையில் ஒழுக்கு இல்லை.

டிக்... டிக்... டிக்...

51. இந்த வேகம் அவள் வாழ்க்கையில் போனதில்லை.

"வா மக்கா..."

ஆணா பெண்ணா தெரியவில்லை.

"இன்னும் கொஞ்சந்தான்..."

நிறுத்த நினைத்தாள். கால் நிற்கவில்லை.

வலப்பக்கம் தண்ணீர் ஓடுகிற சத்தம்.

டிக். டிக்.

நின்றது.

"ஏட்டி!"

ஷிபினின் குரல். அடுத்த நொடி அவள் சைக்கிளோடு தரையில் கிடந்தாள். முழங்கை கிழிந்திருந்தது. மணி 4.09.

"எதுக்குட்டி கண்ண மூடிக்கிட்டு சவுட்டுக? கீழ நின்னு எத்தன மட்டம் விளிச்சேன்!"

கண்ணை மூடவில்லை என்று சொல்ல வந்தாள். அதற்குள் ஷிபின் அவள் தலையைத் தொட்டுப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டான். முடி நனைந்து தண்ணீர் வடிந்தது. சாய்ந்து கிடந்த சைக்கிளின் முன் டயர் முழுக்கக் கரும்சேறு.

"மழையில வெளிய போனியா?"

"இல்ல."

வீட்டுக்குள் பயிற்சி என்று போட்டால் வாட்சில் வரைபடம் பதியாது. அன்று பதிந்திருந்தது. கோடு அவர்கள் வீட்டிலிருந்து தொடங்கவில்லை. தோவாளை பூச்சந்தைக்குப் பக்கத்தில் தொடங்கி, வயல் வழியே போய், சானல்கரையில் ஒரு வளைவில் முடிந்தது. சரியாக 4.09க்கு.

சனிக்கிழமை மழை விட்டது. "போய்ப் பாத்துருவோம். இல்லன்னா உனக்கு உறக்கம் வராது" என்று ஷிபின் பைக்கை எடுத்தான். கோடு முடிந்த இடத்தில் ஒரு சின்னப் பாலம். ஒரு பக்கத்துக் கைச்சுவர் இடிந்து கிடந்தது. கரை உடையாமலிருக்க மேலே மதகின் ஷட்டரை அடைத்திருந்ததால் சானலில் முழங்கால் தண்ணீர்தான். ஷிபின் குனிந்து பார்த்தான். வெகுநேரம் நிமிரவில்லை.

"பெமிலா... நீ இஞ்ச வராத."

பாலத்தடிக் குழாயின் வாயில், சேற்றுக்குள்ளிருந்து ஒரு சைக்கிள் ஹேண்டில்பார் நீட்டிக்கொண்டிருந்தது.

போலீஸ் வந்தது. தீயணைப்பு வண்டி வந்தது. சைக்கிளும் ஒரு ஹெல்மெட்டும் எலும்புகளும் கிடைத்தன. தோவாளையில் பூ வியாபாரம் செய்த பிரதீஷ். இரண்டு வருடத்துக்கு முன்னால், இதேபோல ஒரு மழைநாளில் சைக்கிளில் போனவர் திரும்பவில்லை. வேறொரு பெண்ணோடு கேரளாவுக்கு ஓடிவிட்டார் என்று ஊர் முடிவு கட்டியிருந்தது. மனைவி அஞ்சு இரண்டு வருடமாக அந்தப் பேச்சுக்கு நடுவில்தான் சந்தைக்குப் போய்வந்திருக்கிறாள்.

பெமிலாவின் பயம் அதோடு தணிந்தது. பாவம், தன்னைக் கண்டுபிடிக்கச் சொல்லி வழிகாட்டியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அவருக்காக ஜெபித்தாள். காரியம் கழிந்து அஞ்சுவைப் பார்க்கவும் போனாள்.

அஞ்சு அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "ஓடிப்போனவன் பொண்டாட்டின்னு இனி ஒருத்தரும் சொல்ல முடியாதுல்லா அக்கா. அது போதும். ஆனா அந்த எடம் ஒங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

பெமிலா தயங்கித் தயங்கி எல்லாவற்றையும் சொன்னாள். ரோலர், காற்று நின்றது, மிதி லேசானது, முன்னால் கேட்ட சத்தம். "ஒங்க வீட்டுக்காரருதான் என்னக் கூட்டிட்டுப் போயிருக்காரு" என்று முடித்தாள்.

அஞ்சுவின் அழுகை நின்றது. பிடித்திருந்த கையை மெதுவாக விட்டாள்.

"அவரும் காணாம போறதுக்கு முந்தின ஒரு வாரமா இதத்தான் அக்கா சொன்னாரு."

"எத?"

"முன்னால ஒரு ஆளு சைக்கிள்ல போவுது, பின்னால போனா காத்தே படாது, சவுட்டுகதே தெரியாதுன்னு. அது யாருன்னு மொகத்தப் பாக்கணும்னுதான்..."

அஞ்சு வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"...அன்னைக்கி அந்த மழையிலயும் போனாரு."