எதிர் வங்கிக்கு மாலையோடு போனவர்

அறுபதுகளில் வங்கிச் சட்டங்கள் மாறியபோது, இலங்கையின் மாத்தளையில் எங்கள் தனியார் வங்கிக்கு எதிரிலேயே அரசாங்கம் புதிய வங்கி ஒன்றைத் திறந்தது. இனி எங்கள் கிளையை மூடிவிடுவார்கள் என்று எழுதுவினைஞர்களான நாங்கள் கலங்கினோம். எங்கள் முகாமையாளர் மட்டும் வழக்கம்போல் சீட்டியடித்தபடி, கையில் மாலையோடு அதன் திறப்பு விழாவுக்குப் போனார். நெட்டையான மனிதர், சிரித்தால் தோள்கள் குலுங்கும்.

திரும்பி வந்ததும், "அங்க இடுப்புல சாரம் உடுத்தி வர்ற ஏழை எளியவங்களையும் நாற்காலி போட்டு உட்கார வைக்கிறாங்கப்பா! நாம கோட்டுப் போட்ட தொரமாருக்கு மட்டுந்தானே போடுறோம்? இப்படி இருந்தா எப்படிப் பொழைக்கிறது?" என்றார். கோட்டைக் கழற்றிவிட்டு, தன் நாற்காலியையே தூக்கி வந்து முன்கூடத்தில் போட்டார். மறுநாளும் கோட்டு அணியவில்லை.

அன்று கலேவெலயிலிருந்து வந்த வெங்காய வியாபாரி ஒருவர் அதில் அமர்ந்தார். பக்கத்தில் நின்ற முகாமையாளரைப் பியோன் என்று நினைத்து, "தம்பி, ஒரு பிளேன்டீ கெடைக்குமா?" என்று கேட்டார். நாங்கள் பதறி எழுந்தோம்.

"இந்தா கொண்டாறேன் நானா" என்று அண்ணனை அழைப்பதுபோல் சொல்லிவிட்டு, முகாமையாளரே போய் வாங்கி வந்தார். குடித்து முடித்த வியாபாரி கணக்குத் திறந்தார். ஊர்க்காரர்களையும் அழைத்து வருவதாகச் சொன்னார்.

எங்கள் கிளை மூடப்படவில்லை. பின்னர் எத்தனையோ முகாமையாளர்களின் கீழ் வேலை செய்தேன். அன்று தேநீர் வாங்கப் போனபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை, பதவி உயர்வு கிடைத்த நாளில்கூட வேறு யாரிடமும் நான் பார்த்ததில்லை.